மசக்கையும் வினைக்கோட்பாடும்

கருவுற்ற பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் தோன்றும் குமட்டல், வாந்தி, உணவில் வெறுப்பு, சில பொருள்களின் மீது மட்டும் எழும் அடங்காத ஆசை, எழுந்து நிற்கவும் முடியாத அசதி ஆகியவற்றைச் சேர்த்துத் தமிழ் மக்கள் மசக்கை என்பர். பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை வயா என்றும் வயவு என்றும் குறித்தனர். கருவுற்ற பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேர் இதனை ஏதேனும் ஓர் அளவில் அனுபவிக்கின்றனர். பெரும்பாலும் 6-ஆவது வார அளவில் தொடங்கி, 9-ஆவது வாரத்தை ஒட்டி உச்சமடைந்து, 16 முதல் 20-ஆவது வாரத்துக்குள் தணிந்துவிடும் இந்தத் துன்பம் விடியற்காலையில் மட்டும் வருவது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், சோறு வடிக்கும்போது எழும் ஆவியும், எண்ணெயில் கடுகு வெடிக்கும் நெடியும், ராகிக் களி கிண்டும் மணமும் எந்த நேரத்தில் மூக்கை எட்டுகின்றனவோ அந்த நேரத்தில் எல்லாம் அது வயிற்றைப் புரட்டக்கூடியது. நேற்றுவரை தன் கையால் விரும்பிச் சமைத்த உணவே இன்று ஒரு பெண்ணுக்கு நஞ்சுபோல் தோன்றுவது ஏன் என்னும் கேள்வி மருத்துவக் கேள்வியாக மட்டும் என்றும் இருந்ததில்லை. இத்துன்பம் அவளுக்கு எதனால் வந்தது என்று கேட்கத் தொடங்குகிறவர்கள், அவள் என்ன செய்ததால் வந்தது என்னும் இடத்துக்கு விரைவில் சென்றுவிடுகின்றனர். காரணம் தேடுவதும் குற்றம் தேடுவதும் கலந்துவிடும் அந்த இடத்தில்தான் சமயமும் தத்துவமும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளன.

தீர்த்தமலையின் நம்பிக்கை

இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதற்குத் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை பொருத்தமான தலமாகும். மலைமீது தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியுள்ள இத்தலத்தை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். இதன் பெருமையைச் சைவ எல்லப்ப நாவலர் தீர்த்தகிரிப் புராணமாக இயற்றினார். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் இங்குச் சிவனை வழிபட முனைந்தபோது, காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரச் சென்ற அனுமன் வரத் தாமதமாகவே, இராமன் மலையில் அம்பெய்து நீரை வரவழைத்தான் என்றும், பின்னர் வந்து சேர்ந்த அனுமன் வருத்தத்துடன் எறிந்த கங்கை நீர் விழுந்த இடமே தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள அனுமன் தீர்த்தம் என்றும் தலவரலாறு கூறுகிறது. பாறையின் உயரத்திலிருந்து விழும் இராமர் தீர்த்தத்துடன் அகத்தியர், குமாரர், கௌரி, அக்கினி ஆகிய பெயர்களைக் கொண்ட தீர்த்தங்களும் இங்கு உள்ளன. இவற்றுள் அகத்தியர் தீர்த்தத்தைப் பருகினால் வயிறு சார்ந்த கோளாறுகள் நீங்கும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

வயிற்று நோய்க்கு நீர் மருந்தாகும் என்று நம்பும் ஒரு மலையின் அடியில் வாழும் மக்கள், கருவுற்ற பெண்ணின் வயிற்றுப் புரட்டலையும் தெய்வத்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பது இயல்பே. அந்தத் தொடர்பு இரண்டு வகையாக அமையக்கூடும். துன்பப்படும் உயிருக்கு அருள் துணை நிற்கும் என்று எண்ணுவது ஒரு வகை. துன்பம் வந்ததே தெய்வக் குற்றத்தாலோ முன்வினையாலோதான் என்று தீர்ப்பளிப்பது மற்றொரு வகை. முதலாவது சமய உணர்வின் இயல்பான வெளிப்பாடாகும். இரண்டாவதற்குச் சைவ சாத்திரத்தின் ஆதரவு உண்டா என்பதே ஆராயத்தக்கது.

மூவகைத் துன்பங்களும் ஈருயிர் உடலும்

இந்தியத் தத்துவ மரபு உயிர்கள் அடையும் துன்பங்களை மூன்றாக வகுத்துள்ளது. தன் உடலாலும் உள்ளத்தாலும் தனக்கே வரும் துன்பம் ஆதியான்மிகம் எனப்படும். பிற உயிர்களாலும் பிற பொருள்களாலும் வரும் துன்பம் ஆதிபௌதிகம் எனப்படும். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தெய்வ ஆற்றலால் வருவது ஆதிதைவிகம் எனப்படும். காய்ச்சலும் கவலையும் முதல் வகைக்கும், பாம்புக்கடியும் பகைவர் தாக்குதலும் இரண்டாம் வகைக்கும், பெருவெள்ளமும் இடியும் மூன்றாம் வகைக்கும் எடுத்துக்காட்டாக எளிதில் அடங்கிவிடுகின்றன. மசக்கையோ இந்தப் பகுப்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. குமட்டுவது அவளுடைய வயிறே ஆதலால் அது ஆதியான்மிகம் போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த உடலுக்குள் மற்றோர் உயிர் வந்து தங்கியிராவிட்டால் அக்குமட்டல் தோன்றியிராது ஆதலால் அதற்கு ஆதிபௌதிகத்தின் இயல்பும் உண்டு.

இந்த இரட்டைத் தன்மையைப் பழைய ஆயுர்வேத ஆசிரியர்கள் கண்டிருந்தனர். நான்காம் மாதத்தில் கருவின் இதயம் வெளிப்பட்டுத் தோன்றுவதால் தாய் இரண்டு இதயங்களை உடையவள் ஆகிறாள் என்றும், அக்காலத்தில் அவளிடம் எழும் ஆசைகள் கருவின் ஆசைகளே என்றும் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. சரக சம்ஹிதையும் இதே கருத்தை மூன்றாம் மாதத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அந்த ஆசைகளை மறுத்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று அந்நூலார் கருதியதை இன்றைய அறிவு ஏற்பதில்லை. ஆயினும், கர்ப்பிணியின் உடலில் நிகழும் மாற்றங்களுக்கு அவளுடைய விருப்பு வெறுப்புகளை மட்டும் காரணமாகக் கொள்ளலாகாது என்றும், உள்ளிருக்கும் உயிரின் செயலும் அவற்றில் கலந்திருக்கிறது என்றும் அவர்கள் உணர்ந்திருந்தது ஆழ்ந்த அறிவாகும்.

சங்கப் புலவர்களின் நோக்கு இதைவிடவும் கனிவானது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது என்றும், வயவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பதே உண்டு என்றும் புறநானூற்றின் 20-ஆம் பாடலில் பாடுகிறார். கச்சிப்பேட்டு நன்னாகையார் குறுந்தொகையின் 287-ஆம் பாடலில், நீர் நிறைந்து வானில் ஏறத் தளரும் மேகத்துக்குப் புளிச்சுவையை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகிறார். மண் தின்பதையும் புளிக்கு ஏங்குவதையும் இப்புலவர்கள் பழிக்கவும் இல்லை, பாவத்தின் பயன் என்று சொல்லவும் இல்லை. மழை பெய்யும் முன் மேகம் தளர்வது போன்ற இயற்கை நிகழ்ச்சியாகவே அவற்றைக் கண்டனர். புளியமரங்கள் நிறைந்த தருமபுரிப் பகுதியில் இன்றும் கர்ப்பிணிக்குப் புளியும் மாங்காயும் தேடிக் கொடுப்பது வீட்டாரின் கடமையாகக் கருதப்படுவது இந்தப் பழைய கனிவின் தொடர்ச்சியே.

திருநீற்றை நெற்றியில் பூசிய பின் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் மசக்கைக் காலத்தில் பெருகி, சில பெண்கள் அதைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்னும் அளவுக்குப் போவதும் உண்டு. பக்தியின் மிகுதி என்று சிலரும், வயிற்றில் இருக்கும் குழந்தை கேட்கிறது என்று சிலரும் இதற்கு விளக்கம் சொல்வர். மண்ணையும் சாம்பலையும் தின்னத் தூண்டும் இந்த வேட்கை இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையோடு அடிக்கடி சேர்ந்து காணப்படுகிறது என்று மருத்துவம் அறிந்துள்ளது. ஆதலால் அந்தப் பெண்ணின் கையிலிருந்து திருநீற்றுப் பையைப் பிடுங்கி வைப்பதைவிட, அவளுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது அவளுக்கும் கருவுக்கும் செய்யும் பெரிய உதவியாகும்.

உடல் தரும் விடை

இன்றைய அறிவியல் மசக்கைக்குக் காட்டும் காரணங்கள் பல. கரு கருப்பையில் பதிந்ததும் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் திசுக்கள் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர், 9 முதல் 11-ஆவது வாரங்களில் உச்சத்தை அடைகிறது. மசக்கை கடுமையாகும் காலமும் ஏறத்தாழ அதுவே. இரட்டைக் குழந்தைகளைச் சுமப்போருக்கும், கருவின் இடத்தில் நஞ்சுக்கொடித் திசு முத்துகள்போல் பெருகும் முத்துப்பிள்ளைக் கருவை உடையோருக்கும் இந்நீர் மிகுதியாகச் சுரக்கிறது. வாந்தியும் அவர்களுக்கே மிகுதியாகக் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீரின் உயர்வும், இரைப்பையின் இயக்கம் மந்தமாவதும், மோப்ப உணர்வில் தோன்றும் மாற்றமும், சிலரிடம் இரைப்பையில் தங்கியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரும் துணைக்காரணங்களாகக் கூறப்பட்டு வந்துள்ளன.

2023 டிசம்பரில் நேச்சர் ஆய்விதழில் மார்லீனா பெய்சோ, ஸ்டீபன் ஓ'ராஹிலி உள்ளிட்ட அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் தேடலில் பெரிய முன்னேற்றமாகும். ஜி.டி.எப்.15 என்னும் ஒரு புரதம் மூளைத்தண்டில் உள்ள குமட்டல் மையத்தைத் தூண்டவல்லது. கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் மிகும் இப்புரதத்தின் பெரும்பகுதி கருவின் பக்கத்திலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்துமே வருகிறது என்று அவ்வாய்வு நிறுவியது. அதைவிட வியப்பளிக்கும் மற்றொரு செய்தியும் அதில் உண்டு. கருவுறுவதற்கு முன்பே இப்புரதம் உடலில் குறைவாக இருந்த பெண்களே கடும் மசக்கைக்கு ஆளாகின்றனர். முன்பே அது மிகுதியாக இருந்தவர்களின் உடல் அதற்குப் பழகிவிடுவதால் அவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றனர். இப்புரதம் எப்போதும் உயர்ந்த அளவில் இருக்கும் பீட்டா தலசீமியா என்னும் இரத்த நோயுடைய பெண்களுக்கு மசக்கை மிக அரிதாகவே வந்தது என்பதை, இலங்கை மருத்துவர்களும் பங்குகொண்ட அந்த ஆய்வு சான்றாகக் காட்டியது. 1999-இல் கடும் மசக்கையால் தம் கருவை இழந்த பெய்சோ, அத்துன்பத்தின் காரணத்தைத் தேடுவதையே தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பகுத்து, குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று விளக்குவது சைவ சித்தாந்தத்தின் முறை. இம்முறையைக் கொண்டு நோக்கினால், அறிவியல் கண்டறிந்தவை மசக்கையின் முதற்காரணமும் துணைக்காரணமும் ஆகும். அவற்றுள் எதுவும் அப்பெண்ணின் ஒழுக்கத்தையோ மனத்தையோ சார்ந்ததன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு மருத்துவர் சிலர், குழந்தையை உள்மனம் வெறுப்பதன் அடையாளமே வாந்தி என்று கருதி, நோயுற்ற பெண்களைத் தனிமைப்படுத்தினர். வினையின் பெயரால் நம் நாட்டில் சுமத்தப்பட்ட பழிக்கும் மனவியலின் பெயரால் அங்குச் சுமத்தப்பட்ட பழிக்கும் சாரத்தில் வேறுபாடு இல்லை; இரண்டும் காரணம் அறியாத இடத்தைக் குற்றச்சாட்டால் நிரப்பியவையே.

மசக்கைக்கு ஒரு பயன் உண்டு என்னும் கருத்தும் அறிவியலில் நிலவுகிறது. கருவின் உறுப்புகள் உருவாகும் நுண்ணிய காலத்தில், கெட்டுப்போன இறைச்சி முதலியவற்றிலுள்ள கிருமிகளும் சில தாவரங்களிலுள்ள நச்சுப் பொருள்களும் தாயின் வயிற்றுக்குள் செல்லாதபடி குமட்டல் காக்கிறது என்று 2000-இல் பிளாக்ஸ்மன், ஷெர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் வாதிட்டனர். குமட்டல் உள்ள பெண்களிடம் கருச்சிதைவு குறைவாகக் காணப்படுவது இதற்குத் துணை செய்கிறது. எனினும், இக்கருத்தைக் கொண்டு துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவது பொருந்தாது. மனித இனத்துக்குப் பொதுவாக நன்மை தந்த ஓர் இயல்பு, தண்ணீரையும் வயிற்றில் தங்கவிடாத அளவுக்கு ஒரு தனி உடலில் மிகும்போது அவள் உயிருக்கே ஊறு செய்யும். அத்தகைய கடும் வாந்தி நோய் 100 கர்ப்பிணிகளில் 3 பேர் வரையிலானோரைத் தாக்குகிறது.

வினையும் அருளும்

வினைக்கோட்பாட்டை ஏற்கும் சைவ சித்தாந்தம் இத்துன்பத்துக்கு என்ன பொருள் தரும்? முற்பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம் என்றும், அதில் இப்பிறவியில் அனுபவிப்பதற்காக வந்த பங்கு பிராரத்தம் என்றும், இப்பிறவியில் புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என்றும் அது பகுக்கிறது. வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலால் அது தானே சென்று உயிரைப் பற்றாது. உயிருக்கு உரிய பயனை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த கொள்கை. இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது: எந்த உயிருக்கு எந்த வினையின் பயனாக எந்தத் துன்பம் வந்தது என்று சொல்லும் தகுதி மனிதர் எவருக்கும் இல்லை. கோட்பாட்டின்படி அது இறைவனின் அறிவுக்கு மட்டுமே எட்டுவது. மருமகளின் வாந்தியைக் கண்டு அவள் செய்த பாவம் என்று கூறுபவர், இறைவனுக்கே உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார்.

இதைவிட முக்கியமான மற்றொரு கருத்தும் சித்தாந்தத்தில் உண்டு. ஆணவ மலத்தால் மறைக்கப்பட்டுக் கிடக்கும் உயிர் ஈடேறும் பொருட்டு இறைவன் அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், அதாவது உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை, அருளால் கொடுக்கிறான். இந்நான்கில் முதலாவதாகிய உடல் உருவாகும் இடம் தாயின் வயிறு. ஓர் உயிருக்கு இறைவன் செய்யும் முதற்பேருதவி ஒரு பெண்ணின் உடலைக் கருவியாகக் கொண்டே நடைபெறுகிறது என்றால், அந்த உதவி நடைபெறும்போது அவள் படும் துன்பத்தை அவளுடைய வினைக்கணக்கில் மட்டும் எழுதுவது கோட்பாட்டின் நோக்கத்துக்கே பொருந்தாது. அது ஈருயிருக்கு இடையில் நிகழும் கொடையின் விலையாகும்.

இந்த விலையைச் சைவ இலக்கியம் போதிய அளவு பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருப்பையில் ஓர் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை அடுக்கிக் கூறுகிறார். ஆனால் அந்நோக்கு கருவின் நோக்கு. சுமப்பவளின் குமட்டலும் தளர்ச்சியும் அங்கு வெளிப்பட இடமில்லை. அந்தக் குறையை நிறைவு செய்வது தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரின் தலவரலாறு. நித்துருவரின் மனைவி வேதிகை கருவுற்றுச் சோர்ந்திருந்தபோது வாயிலில் வந்து நின்ற ஊர்த்துவபாத முனிவருக்கு எழுந்து சென்று பிச்சையிட முடியவில்லை. அதை அவமதிப்பாகக் கருதி முனிவர் சபிக்க, அவள் கரு சிதைந்தது. அக்கருவை அம்மை ஒரு குடத்தில் வைத்துக் காத்து முழுக் குழந்தையாக்கிக் கொடுத்தாள். அந்த அம்மையே கருக்காத்த நாயகி, அதாவது கர்ப்பரட்சாம்பிகை. தவம் மிக்க முனிவரே ஆயினும் கர்ப்பிணியின் சோர்வைக் குற்றமாகக் கொண்டது தவறு என்பதையும், தெய்வம் அவள் பக்கமே நின்றது என்பதையும் இவ்வரலாறு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

மசக்கையைக் கொண்டு குறி சொல்லுதல்

தருமபுரி மாவட்டத்தில் மசக்கை ஏன் வந்தது என்னும் கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. வாந்தி மிகுந்தால் பெண் குழந்தை, குறைந்தால் ஆண் குழந்தை என்று மசக்கையைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, இத்தகைய குறி விளையாட்டுப் பேச்சாக நின்றுவிடாது என்பது விளங்கும். பெண் கரு உள்ளவர்களுக்குக் கடும் வாந்தி சற்று மிகுதியாக வருவதாகப் பெருந்திரளான பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகள் கூறினாலும், அவ்வேறுபாடு மிகச் சிறியது. அதைக் கொண்டு தனி ஒரு பெண்ணின் வயிற்றில் உள்ள குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. கருவின் பாலை அறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்களுக்கே தடை செய்துள்ளது. ஒரு பெண்ணின் நோயை அவள் மகளுக்கு எதிரான சாட்சியமாக மாற்றுவது, தாயையும் சேயையும் ஒருசேரத் தண்டிக்கும் கொடுமை. எந்தச் சமயமும் அதற்குத் துணை நிற்காது.

செய்யத்தக்கது

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்த பின்னரே செயல்பட வேண்டும் என்று வரிசை வகுத்தார். இன்னா செய்யாமை அதிகாரத்தில், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காக்காவிட்டால் அறிவினால் பயன் என்ன என்று கேட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே மசக்கைக்கு உரிய அறநெறி. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணக் கொடுத்தல், குமட்டும் மணங்களிலிருந்து விலக்கி அடுப்படி வேலையைப் பிறர் ஏற்றல், இஞ்சி கலந்த நீர், போதிய உறக்கம் ஆகியவை எளிய மசக்கைக்குப் போதும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மாத்திரை 1961-இல் விலக்கிக்கொள்ளப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகளை ஊனமாக்கிய வரலாற்றால், கர்ப்பகாலத்தில் எந்த மருந்தும் ஆகாது என்ற அச்சம் பலரிடம் தங்கிவிட்டது. ஆயினும் வைட்டமின் பி6, டாக்சிலமைன் போன்று நெடுங்காலம் ஆராயப்பட்டுப் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்ட மருந்துகள் இன்று உள்ளன. மருத்துவரின் அறிவுரைப்படி அவற்றை உட்கொள்ள அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் அடர்நிறமாகிக் குறைந்துவிட்டாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, எடை விரைந்து குறைந்தாலோ, அப்பெண்ணை உடனே அரூர் அரசு மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்று நரம்பு வழியாக நீர்ச்சத்து ஏற்ற வேண்டும். நீண்ட நாள் வாந்தியால் தயமின் என்னும் பி1 சத்துக் குறைந்தால் மூளையே பாதிக்கப்படும். அந்நிலையில் நேர்த்திக்கடன் என்று சொல்லி அவளை மலைப்படிகளில் ஏற்றுவது பக்தி ஆகாது. தீர்த்தத்தைக் குடத்தில் கொண்டுவந்து வீட்டில் வைத்து வணங்கலாம்; நலம்பெற்ற பின் குழந்தையோடு சென்று வடிவாம்பிகையைத் தொழலாம். துன்பப்படும் பெண்ணை அவள் வினை என்று சொல்லிக் கைவிடுபவருக்கு அக்கைவிடுதலே ஆகாமியமாகச் சேரும் என்பதுதான் வினைக்கோட்பாடு உண்மையில் தரும் எச்சரிக்கை. மசக்கையுற்ற பெண்ணிடம் இது ஏன் வந்தது என்று கேட்பதை விடுத்து, உனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாரும் கேட்கத் தொடங்க வேண்டும்.